டத்தோவுக்கு இரண்டு கொம்பு

1. டோனர் மாற்றிய கதை

என்னை வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தை அச்சடித்த பிரிண்டருக்கு அன்று காலை டோனர் மாற்றியது நான்தான். எழுத்தெல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தது. அந்த ஒரு திருப்தி எனக்கு இருந்தது.

கடை பிரிக்பீல்ட்ஸில், இரண்டு பூக்கடைகளுக்கு நடுவில் இருக்கிறது. கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், விருந்துகளுக்கான பெயர் அட்டை எல்லாம் அடிப்போம். அப்போது கடையில் மூன்று பேர். முதலாளி ராஜு, டிசைன் செய்யும் கமலா அக்கா, கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பார்த்துக்கொள்ளும் நான். பெயர் குமரேசன். எல்லோருக்கும் கும்ஸ். ரவாங்கிலிருந்து ரயில் ஏறி வருகிறேன். படிப்பு பள்ளியின் ஐந்தாம் படிவம் வரை. தேர்வில் உருப்படியாகத் தேறியது தமிழும் நன்னெறிக் கல்வியும் மட்டும். நன்னெறியில் நான் எப்படித் தேறினேன் என்று கமலா அக்கா இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது கடையில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் என் நாற்காலியில் உட்காரும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. நாற்காலிக்கும் நல்லது.

அன்று செவ்வாய்க்கிழமை. கிளாங்கில் ஒரு சங்கத்தின் வருடாந்திர விருந்துக்காக நாங்கள் அடித்துக் கொடுத்த அறுபத்து மூன்று பெயர் அட்டைகளும் பெட்டியோடு திரும்பி வந்தன. ஒரு டிரைவர் வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நிமிஷம் போன். முதலாளி எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்தே பேசுகிறவர் எழுந்து நின்றால் எதிர்ப்பக்கம் அரசு கையால் டத்தோ பட்டம் வாங்கிய யாரோ என்று அர்த்தம்.

போனை வைத்துவிட்டு, “கும்ஸ், இங்க வா” என்றார். கையில் ஓர் அட்டை.

“இது என்னடா?”

“பேர் அட்டை பாஸ்.”

“அது எனக்கும் தெரியும் லா. பேருக்கு ரெண்டு பக்கமும் என்ன அது?”

பார்த்தேன். சங்கத் தலைவரின் அட்டை. தங்க ஓரம், நடுவில் அவர் முகம், கீழே ஆங்கிலத்தில் "Dato' Thanigaimani". பெயரின் முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி.

“ரெண்டு கொம்பு மாதிரி இருக்கு பாஸ்.”

“டத்தோவும் அதத்தான் சொல்றாரு. ‘டத்தோ’ங்கறத இப்படிக் கொம்புக்குள்ள போட்டா என்ன அர்த்தம்? போலி டத்தோன்னு அர்த்தம். பட்டத்த நான் கடையில வாங்கினேனான்னு கேக்கறாரு. மூணு மணிக்கு நேரா வர்றாரு. யார் பண்ணினதுன்னு அவருக்குத் தெரியணுமாம்.”

“நான் வேணும்னு போடல பாஸ்.”

முதலாளி கமலா அக்காவைப் பார்த்தார். அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“கமலா, நீ சொல்லு.”

“போன வாரம் அட்டை பாக்கறப்ப நான் கேட்டேன். டேய், பேர்ல என்னடா கொம்பு வருதுன்னு. இவன் திரும்பிக்கூடப் பாக்கல. ‘டத்தோவுக்குக் கொம்பு இல்லாமலா அக்கா’ன்னான். சரி, ஸ்டைல் போலன்னு விட்டுட்டேன்.”

நான் அப்படிச் சொன்னது உண்மை. எதைப் பற்றிக் கேட்கிறார் என்று பார்க்காமலே சொன்னேன் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை நம்ப அந்தக் கடையில் யாரும் இல்லை.

அதற்கும் காரணம் உண்டு. முதலாளியின் பிறந்தநாளன்று அவருடைய விசிட்டிங் கார்டில் ‘உரிமையாளர்’ என்பதற்குப் பதில் ‘தூக்கத்தில் உள்ளார்’ என்று ஒன்று அடித்து வைத்தவன் நான். செலாயாங் மொத்தச் சந்தைப் படம் ஒன்றில் டுரியான் பழக் குவியலின் உச்சியில் முதலாளியின் தலையை ஒட்டி வாட்ஸ்அப்பில் விட்டவனும் நான். அந்தப் படத்தை அவருடைய மாமியார் நிஜமென்று நம்பி, டுரியான் வியாபாரம் எப்படிப் போகிறது என்று விசாரித்திருக்கிறார். அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவ விளையாடின, ரவாங்குக்கு ஒரு வழி டிக்கெட்தான்.”

அந்த டிக்கெட்தான் இப்போது பிரிண்டரில் வந்தது. கையெழுத்துப் போட்டார், கடை முத்திரையான சாப்பைக் குத்தினார், மேசை டிராயரில் வைத்தார்.

“மூணு மணி வரைக்கும் டைம். நீ பண்ணலன்னா யார் பண்ணினதுன்னு காட்டு. பேப்பர்ல காட்டு.”

முதலாளியின் சட்டம் அது. பேப்பரில் வராதது எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவில்லை.

2. பவுடர் என்று நினைத்தேன்

எங்கள் கடை கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். எனக்கு முன்னால் இருந்த ஜெகா போட்டுவைத்துவிட்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டான். போகும்போது எனக்காக அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி மானிட்டரில் ஒட்டினான். என் கம்ப்யூட்டர் படிப்பு அந்த அரைப் பக்கம்தான்.

வாடிக்கையாளர் முகப்படங்களை அனுப்புவார். ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்த ஆளின் பெயர்தான் பெயர். ஜெகாவின் குறிப்பு சொல்வது: கறுப்புத் திரையில் ls -1 அடி. ls என்றால் இந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது காட்டு என்று அர்த்தம். -1 என்றால் வரிக்கு ஒன்றாகக் காட்டு. வந்த பெயர்களை மவுஸால் இழுத்து காப்பி பண்ணு. பெயர்ப் பட்டியலில் பேஸ்ட் பண்ணு. பின்னால் ஒட்டியிருக்கும் .jpg என்பதை மட்டும் நீக்கு. மற்றதை அட்டை அடிக்கும் புரோகிராம் பார்த்துக்கொள்ளும்.

நான் இரண்டு வருஷமாக அப்படித்தான் செய்தேன். ஒரு தடவைகூடக் கொம்பு முளைக்கவில்லை. ஆனால் போன மாதம் பழைய மிஷின் புகைந்துபோய்ப் புது மிஷின் வந்தது. லினக்ஸும் புதுசு. அதில் ls அடித்தபோது சில பெயர்கள் குறிகளுக்குள் வந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதே திரையில் பெயர்கள் கத்தரிப்பூ நிறத்திலும் வந்தன. அந்த நிறம் ஒரு நாளும் அட்டையில் விழுந்ததில்லை. அதுபோல இந்தக் குறியும் சும்மா பவுடர், ஒட்டாது என்று நினைத்தேன்.

நிறம் ஒட்டவில்லை. குறி ஒட்டிக்கொண்டது.

3. பேப்பர்ல காட்டு

எனக்கு ரொம்பச் சுலபமாகத் தெரிந்தது. திரையில் குறி இருக்கிறது. அதை அப்படியே பேப்பரில் எடுத்துக் கொடுத்தால், மிஷின் மாட்டிக்கொள்ளும், நான் தப்பித்துவிடுவேன். ஜெகாவின் குறிப்பில் கடைசி வரி: பிரிண்டருக்கு அனுப்ப, பின்னால் ஒரு நெட்டுக்கோடு போட்டு lp. அந்தக் கோட்டுக்குப் பைப் என்று பெயர். இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கம் தள்ளிவிடும் குழாய்.

அடித்தேன்: ls -1 | lp

பேப்பர் சுடச்சுட வந்தது. படித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய் முதலாளி முன்னால் நீட்டினேன்.

“பாருங்க பாஸ். மிஷினே போட்டிருக்கு.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். பிறகு பேப்பரை என் பக்கம் திருப்பினார்.

“எங்கடா கொம்பு?”

ஒன்றுகூட இல்லை. Dato' Thanigaimani.jpg. சுத்தமாக, குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வந்தவர் போல.

“பாஸ், ஸ்கிரீன்ல இருந்துச்சு பாஸ்.”

“மிஷின் சரியாத்தான் குடுத்திருக்கு. நடுவுல நீதான் கொம்பு ஒட்டியிருக்க. நல்ல காரியம் பண்ணின, நீயே பேப்பர்ல கொண்டுவந்து குடுத்துட்ட.” அந்தத் தாளையும் சாப் குத்தி டிராயரில் என் கடிதத்துக்கு மேலே வைத்தார்.

திரும்பி ஓடி வந்து திரையில் ls அடித்தேன். கொம்பு இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

“போன்ல படமா? டுரியான் மேல என் தல இருந்ததும் போன்ல படம்தான்.”

“திரையில வந்து ஒரு தடவ பாருங்க பாஸ்.”

“அந்தக் கறுப்புத் திரையப் பாத்தா எனக்குத் தலவலி வரும். பேப்பர்ல குடு.”

கமலா அக்கா பால் சேர்க்காத தே ஓ கலக்கியபடி சொன்னார்: “டேய், ஒத்துக்கிட்டு ஒரு சாரி சொல்லிட்டா டத்தோ விட்டுடுவாரு லா.”

“பண்ணினதுக்குச் சாரி சொல்லியே எனக்குப் பழக்கமில்ல அக்கா. பண்ணாததுக்கு எப்படிச் சொல்றது?”

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு அக்கா குடித்தார்.

மணி ஒன்றரை.

4. நான்கு வரிசை, ஒரு வரிசை

இன்னொரு தடவை பிரிண்டருக்கு அனுப்பினேன். அவசரத்தில் -1 போட மறந்துவிட்டேன். வெறும் ls | lp. அது போடாவிட்டால் திரையில் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில், நான்கு நெட்டு வரிசையாக நிற்கும். பேப்பரிலும் அப்படியே குழம்பி வரும், முதலாளி இன்னும் கத்துவார் என்று காத்திருந்தேன்.

வந்த பேப்பரில் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. ஒரே வரிசை.

நான் கேட்கவே இல்லை. வரிக்கு ஒன்றாகக் கொடு என்று சொல்லும் -1 அதில் இல்லை. பிறகு எப்படி?

அங்கேதான் எனக்கு முதுகு நிமிர்ந்தது. குறி மட்டும் காணாமல் போகவில்லை. நான்கு வரிசையும் காணாமல் போயிருக்கிறது. நிறமும் காணாமல் போயிருக்கிறது. இந்த ls, தான் எங்கே போகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் புறப்படுகிறது. எதிரே திரை, திரைக்கு முன்னால் ஒரு மனுஷன் என்றால் உடுத்திக்கொண்டு வருகிறது. எதிரே குழாய் என்றால் வீட்டில் இருக்கும் கைலியோடு வருகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. cat என்று ஒன்று உண்டு. கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கும். அதனால் என்ன பிரயோஜனம் என்று ஜெகாவைக் கேட்டபோது அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. இப்போது அதை வைத்துப் பார்த்தேன்.

ls -1 அடித்தேன். கொம்பு. ls -1 | cat அடித்தேன். அதே திரை, அதே பெயர்கள், கொம்பு இல்லை.

“அக்கா! கிடைச்சிடுச்சு!”

“என்ன, வேற வேலையா?”

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை என்னைத் தள்ளிவிட்டு அவரே அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் முதலாளியின் கண்ணாடியையும், பின்னாலேயே முதலாளியையும் கொண்டுவந்தார். பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் கூப்பிட்டால் முதலாளிக்குத் தலைவலி வருவதில்லை.

“நான் தொட மாட்டேன் பாஸ். நீங்களே அடிங்க. எல், எஸ், ஒரு கேப், ஒரு கோடு, ஒண்ணு, என்டர்.”

ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். கொம்புகள் முளைத்தன. முதலாளி திரையைத் தடவிப் பார்த்தார், தூசியோ என்று.

“இப்ப அதே மாதிரி. கடைசியில ஷிஃப்ட்ட அழுத்திக்கிட்டு, என்டருக்கு மேல இருக்கற நெட்டுக்கோடு. அப்புறம் சி, ஏ, டி.”

கொம்புகள் போயின.

“என்னடா இது? ஆள் பாத்துப் பேசுதா?”

“ஆமா பாஸ். மனுஷன் பாத்தா ஒரு பேச்சு. இன்னொரு மிஷினுக்குப் போகுதுன்னா ஒரு பேச்சு.”

“சே, இப்படி ஒரு குணமா.”

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை.

“கஸ்டமர் எதிர்ல நின்னா நீங்க, ‘வாங்க சார், தாராளமா செஞ்சிடலாம், உக்காருங்க, கமலா தே போடு’ம்பீங்க. அதே ஆர்டர் எங்ககிட்ட வரும்போது, ‘டேய், முந்நூறு அட்டை, நாலு மணி’. அதான் பாஸ் பைப்பு.”

கமலா அக்காவுக்குத் தே ஓ மூக்கில் ஏறிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்தார். டிராயரைப் பார்த்தார். கடிதத்தை வெளியே எடுத்தார். எடுத்து வெறுமனே மேசைமேல் வைத்தார். கிழிக்கவில்லை.

“எனக்குப் புரியுது. டத்தோவுக்குப் புரிய வை. அப்புறம் பாக்கலாம்.”

5. மூன்று மணி

டத்தோ தணிகைமணி பூப்போட்ட பாத்தேக் சட்டையில் வந்தார். உட்காரவில்லை.

“கொம்பு போட்ட ஆளு யாரு?”

முதலாளி என்னைக் காட்டினார். நான் கறுப்புத் திரையைக் காட்டினேன். அடித்துக் காட்டினேன், பைப் போட்டு இன்னொரு தடவை காட்டினேன். டத்தோவின் முகம் அசையவில்லை.

“தம்பி, எனக்குக் கத வேணாம். மிஷின் போட்டதுன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல போடணும்? எனக்கு மட்டும் ஏன் ரெண்டு ரெண்டா? இதோ, நம்ம பொருளாளர் வசந்திக்கு ஒண்ணுமே இல்ல.”

அது நல்ல கேள்வி. காலையிலிருந்து நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி. திரையில் பெயர்களை வரிசையாகப் பார்த்தேன். அங்கேயே பதில் இருந்தது.

“டத்தோ, வசந்தி ஒரே சொல்லு. நடுவுல இடமே இல்ல. அதுக்கு மிஷின் ஒண்ணும் போடல. நடுவுல இடம் விட்டிருக்கற பேரு பாருங்க, எல்லாத்துக்கும் ஒத்தைக் குறி. ஒரே பேரா ரெண்டு பேரான்னு குழப்பம் வரக்கூடாதுன்னு போடுது போல. ஆனா உங்க பட்டத்துல, கடைசியில மேல ஒரு சின்னக் கீறல் இருக்கில்ல? அதுவே ஒத்தைக் குறி மாதிரி இருக்கு. அதனால உங்களுக்கு ஒத்தைக் குறி போட்டா மிஷினுக்கே குழம்பிடும். ரெட்டைக் குறிதான் போடணும்.”

தமிழில் எல்லோரையும் டத்தோ என்றே எழுதிவிடுகிறோம். ஆங்கில எழுத்தில்தான் வித்தியாசம். மாநிலத்தில் வாங்கினால் Dato' என்று மேலே கீறலோடு. மத்தியில் வாங்கினால் Datuk. கீறல் கிடையாது. அதில் எது பெரியது என்று விருந்துகளில் பேசக்கூடாது. எல்லோரும் பேசுவார்கள்.

டத்தோ முதல் தடவையாகத் திரையின் பக்கம் குனிந்தார். குரலும் குனிந்தது.

“அப்ப... அம்பலவாணனுக்கு?”

அம்பலவாணன் சங்கத்தின் துணைத் தலைவர். அவருடையது Datuk.

“அவருக்குக் கீறல் இல்ல டத்தோ. ஒத்தைக் கொம்புதான்.”

“காட்டு.”

பெட்டியைத் துழாவி அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன். டத்தோ இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவருடையதில் பக்கத்துக்கு இரண்டு கொம்பு. அம்பலவாணனுடையதில் ஒன்று. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“போன வருஷம் மேடையில அவன ஏன் முதல்ல கூப்பிட்டாங்கன்னு கேட்டேன். மத்தியப் பட்டம் பெருசுன்னாங்க.” அட்டையைத் தட்டினார். “மிஷினுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“மிஷினுக்கு அது தெரியாது டத்தோ, அது வெறும் கீறல்...” என்று ஆரம்பித்தேன். மேசைக்கு அடியில் கமலா அக்கா என் காலை மிதித்தார்.

“மத்தவங்களுக்கெல்லாம் குறிய எடுத்துட்டு மறுபடி அடிச்சிடுங்க. விருந்து சனிக்கிழம.” டத்தோ எழுந்தார். “என்னோடது... இருக்கட்டும். யாராவது கேட்டா மிஷின் போட்டதுன்னு சொல்லிக்கறேன். அதான உண்மை?”

“அதான் உண்மை டத்தோ” என்றார் முதலாளி, கதவு வரை போய்.

சனிக்கிழமை விருந்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை போன் வந்தது. முதலாளி எழுந்து நின்றார். “வணக்கம் டத்தோ... இல்ல டத்தோ அம்பலவாணன், அது மிஷின்... சரி டத்தோ, புது அட்டையா, தாராளமா செஞ்சிடலாம்... மூணா?” கிறுக்கிக்கொள்ளப் பேப்பர் தேடினார். மேசைமேல் கிடந்த என் வேலைநீக்கக் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் ஆர்டரை எழுதினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“டேய், அம்பலவாணன். மூணு கொம்பு. நாலு மணி.”

அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் பார்த்தால் எனக்கு வேலை இல்லை, மறு பக்கம் பார்த்தால் எனக்கு வேலை.

6. புதியவர்களுக்கு

கண்ணுக்குக் காட்டியதை மவுஸால் இழுத்து மிஷினுக்கு ஊட்டாதீர்கள். அது உங்களுக்காக உடுத்திக்கொண்டு வந்தது. பட்டியல் வேண்டுமென்றால் பைப்பில் அனுப்புங்கள், வேஷம் கலைந்து வரும். அதே மாதிரி, திரையில் நடந்த தப்பைப் பேப்பரில் பிடிக்கப் போகாதீர்கள். பிடிக்கப் போகிற வழியிலேயே அது நல்ல பிள்ளையாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாளும் கிட்டத்தட்ட ஒரு வேலையும் செலவானது.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். கேட்கிற ஆள் இருந்தால்தான் என் வாயும் உடுத்திக்கொண்டு வருகிறது. அன்று கமலா அக்கா கேட்டபோது நான் வெறுமனே திரும்பிப் பார்த்திருந்தால் போதும். இதைச் சொன்னதற்காக நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

புதியவர்கள் சேர்ந்த அன்று முதலாளி எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார். சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டையைச் செய்தது கமலா அக்கா. மேலே Kumaresan என்று இருக்கிறது. அதன் கீழே "Senior" என்று இருக்கிறது, இரண்டு பக்கமும் கொம்போடு.

“அக்கா, இது என்ன?”

“எனக்கென்ன தெரியும்? மிஷின் போட்டிருக்கும் லா” என்றார், தே ஓ கோப்பையிலிருந்து தலை தூக்காமல்.

அந்தச் சொல்லில் நடுவில் இடம் இல்லை. மேலே கீறலும் இல்லை. மிஷின் அதற்குக் கொம்பு போடாது. எனக்கு இப்போது அது நன்றாகத் தெரியும்.

அட்டையைக் குத்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.